ஹாலும் டைனிங்கும் ஒன்றாக உள்ள வீட்டுக்கு விளக்குத் திட்டம்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இப்போது கட்டுகிற வீடுகளில் பட்டாலை (உட்காரும் இடம்) ஒரு பக்கம், சாப்பாட்டுக்கூடம் வீட்டின் இன்னொரு கட்டுப் பகுதியில் என்ற பேச்சே இல்லை. முன்பக்கம் சோபா, பின்பக்கம் சாப்பாட்டு மேசை, நடுவில் சுவர் கிடையாது. விளக்குப் பாயிண்ட் மட்டும் பழைய கணக்கிலேயே நடுவில் ஒன்று, சுவருக்கு ஒன்று என்று விழுகிறது. கீழே உள்ள பதில்களுக்கு ஒரே மாதிரி ஹாலை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: அகலம் 12 அடி, நீளம் 24 அடி, தளத்தின் (சீலிங்கின்) உயரம் 10 அடி. முன் 14 அடி உட்காரும் இடம், பின் 10 அடி சாப்பாட்டு இடம். உங்கள் அளவு வேறு என்றால் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது? லைட் கடைக்கு எப்போது போகலாம்?

கடைக்குக் கடைசியில் போங்கள். முதலில் தரையில் சாக்பீஸால் சோபா, டிவி, மேசை, பாத்திர அலமாரி, கை கழுவும் இடம் எல்லாவற்றையும் உண்மையான அளவில் வரையுங்கள். வரைந்த பிறகுதான் ஒரு விஷயம் தெரியும்: மேசையின் நடுவும் அறையின் நடுவும் ஒன்றல்ல. 12 அடி அகலத்தில் ஒரு சுவரை ஒட்டி ஒன்றரை அடி ஆழத்துக்கு அலமாரி வந்தால் மிச்சம் பத்தரை அடி. மேசை அதன் நடுவில், அதாவது எதிர்ச்சுவரிலிருந்து 5 அடி 3 அங்குலத்தில் உட்காரும். அறையின் நடுக்கோடோ 6 அடியில். கொத்தனார் நடுவில் வைத்த பாக்ஸிலிருந்து விளக்கைத் தொங்கவிட்டால் அது மேசையை விட்டு 9 அங்குலம் விலகித் தொங்கும். வீட்டுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கோணல்தான்.

இந்த ஹாலுக்கு மொத்தம் எத்தனை வாட் வேண்டும்?

வாட் என்பது மின்சாரச் செலவு. வெளிச்சத்துக்குக் கணக்கு லூமன். அட்டைப்பெட்டியில் இரண்டும் அச்சிட்டிருக்கும், லூமனைப் பாருங்கள்.

12 × 24 அடி என்பது 288 சதுர அடி, சதுர மீட்டரில் சுமார் 26.8. பொது வெளிச்சத்துக்கு 150 லக்ஸ் (சதுர மீட்டருக்கு 150 லூமன்) வைத்துக்கொண்டால் 26.8 × 150 = சுமார் 4,000 லூமன் பயன்படும் இடத்தில் வந்து விழ வேண்டும். விளக்கிலிருந்து கிளம்புவதில் பாதி சுவரிலும் தளத்திலும் தூசியிலும் போய்விடும். ஆகவே 8,000 லூமன் வாங்க வேண்டும். இதைப் பிரித்தால்:

உட்காரும் இடத்தில் 9 வாட் டவுன்லைட் 6 (ஒவ்வொன்றும் சுமார் 800 லூமன்), மேசைக்கு மேல் 5 வாட் தொங்கும் விளக்கு 3 (ஒவ்வொன்றும் சுமார் 450), வீடு கூட்டித் துடைக்கவும் விருந்தாளிக் கூட்டத்துக்கும் டியூப்லைட் போன்ற 20 வாட் எல்.இ.டி. பட்டி விளக்கு 1 (சுமார் 2,000). மொத்தம் 89 வாட்.

இது வெள்ளைச் சுவருக்கும் வெளிர் தரைக்குமான கணக்கு. தளத்தில் தேக்குப் பலகை அடித்து, தரையில் கருஞ்சிவப்பு, பச்சை ஆத்தங்குடிக் கல் பதித்தால் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அப்போது 10,000 லூமனுக்குத் திட்டமிடுங்கள்.

ஸ்லாப் கான்கிரீட் அடுத்த வாரம். இப்போதே என்னென்ன போட்டு வைக்க வேண்டும்?

இந்தக் கேள்வி பெரும்பாலும் கான்கிரீட் போட்ட மறுநாள்தான் வருகிறது. முன்கூட்டியே கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

சென்டரிங் பலகை மேல் கம்பி கட்டி முடிந்ததும் எலக்ட்ரீஷியன் பைப் போடுவார். ஹாலுக்கு வேண்டியவை: உட்காரும் இடத்தின் நடுவில் கொக்கியுள்ள ஃபேன் பாக்ஸ் 1, டவுன்லைட்டுக்கு ஆழமான பாக்ஸ் 6, மேசைக்கு நேர்மேலே பாக்ஸ் 1. மூன்று விளக்கு தொங்கவிடுவதானாலும் பாக்ஸ் ஒன்றே போதும். நீளப்பட்டைத் தகட்டில் மூன்று வயரும் இறங்குகிற மாதிரி கிடைக்கிறது. மூன்று பாக்ஸ் போட்டுவிட்டு நாளை மேசை நாலு அங்குலம் நகர்ந்தால் மூன்றும் வீண்.

அளவெடுப்பதில்தான் தவறு நடக்கிறது. மேலே நிற்பவருக்குக் கீழே உள்ள சுவர் தெரியாது. ஸ்லாப்பின் வெளி விளிம்பிலிருந்து டேப் பிடிப்பார். சுவர்க் கனம் 9 அங்குலம், அதைக் கழிக்க மறந்தால் எல்லாப் பாயிண்டும் வரிசையாக 9 அங்குலம் தள்ளிப்போகும். சுவரின் உள்முகத்தைப் பலகை மேல் நூல் பிடித்துக் குறித்துவிட்டு, அந்த நூலிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். பூச்சுக்கு அரை அங்குலம் விட்டால் போதும்.

பாக்ஸ் வாயில் காகிதமோ தெர்மாகோலோ அடைத்து டேப் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்டுப் பால் இறங்கி பைப் அடைத்துக்கொள்ளும். பைப் 25 மில்லிமீட்டர், உள்ளே இழுகம்பி விட்டிருக்க வேண்டும். ஃபேன் கொக்கியும், சரவிளக்கு மாட்டுவதானால் அதன் கொக்கியும் 12 மில்லிமீட்டர் கம்பியில், ஸ்லாப் கம்பியோடு பிணைந்திருக்க வேண்டும். கான்கிரீட் வண்டி வருவதற்கு முன் ஒவ்வொரு பாக்ஸ் பக்கத்திலும் டேப்பை விரித்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை பிரித்த பிறகு புதைந்துபோன பாக்ஸைத் தேடித் தளத்தைக் கொத்துவதை அந்தப் படம்தான் தவிர்க்கும்.

ஃபேன் ஓடினால் வெளிச்சம் துடிக்கிறது. ஏன்?

டவுன்லைட் ஃபேன் இறக்கைக்கு மேலே அல்லது மிக அருகே இருக்கிறது. இறக்கை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நிழல் வெட்டும். புத்தகம் படிப்பவருக்குப் பத்து நிமிடத்தில் தலை வலிக்கும்.

வழக்கமான 1200 மில்லிமீட்டர் ஃபேனுக்கு இறக்கை நடுவிலிருந்து 2 அடி நீளும். எங்கள் மாதிரி ஹாலில் ஆறு விளக்கை இரண்டு வரிசையாக, பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி வையுங்கள். நீளவாக்கில் 2½, 7, 11½ அடியில். நடு விளக்கு ஃபேன் மையத்திலிருந்து மூன்றரை அடியில் வரும், அதாவது இறக்கை நுனியிலிருந்து ஒன்றரை அடி. இறக்கை தளத்துக்கு ஓரடி கீழே இருக்கும்வரை 110 டிகிரி விரிவுள்ள விளக்குகூடப் பெரிதாக நிழல் வெட்டாது. கம்பி நீளமாகி இறக்கை இரண்டடி இறங்கினால் வெட்டும். அப்போது 60 டிகிரி விரிவுள்ள விளக்கு வாங்குங்கள்.

ஏற்கெனவே பாயிண்ட் தப்பாக விழுந்துவிட்டதா? இறக்கைக்கு நேர்மேலே உள்ளதை மட்டும் தனி சுவிட்சில் பிரித்துவிடுங்கள்.

மேசைக்கு மேல் விளக்கு எவ்வளவு இறங்கலாம்?

பொதுவாகச் சொல்லும் கணக்கு மேசை மேற்பரப்பிலிருந்து 30 முதல் 33 அங்குலம். அவரவர் எடுத்துப் போட்டுச் சாப்பிடும் வீட்டுக்கு அது சரி. நம் வீட்டில் ஒருவர் நின்றுகொண்டு பரிமாறுகிறார், இலை மேல் குனிந்து குழம்பு ஊற்றுகிறார். 30 அங்குலத்தில் விளக்கு அவர் முகத்துக்கு நேரே வரும், குனிந்தால் நெற்றியில் இடிக்கும். ஆகவே 36 அங்குலம் வையுங்கள். மேசை இரண்டரை அடி உயரம் என்றால் விளக்கின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஐந்தரை அடியில் இருக்கும். பல்பு வெளியே தெரியும் கண்ணாடிக் குடுவை வேண்டாம். பித்தளையோ மண்ணோ, ஒளி ஊடுருவாத மூடியாகப் பாருங்கள்.

6 × 3 அடி மேசைக்கு 8 முதல் 10 அங்குல அகல மூடி மூன்று, 2 அடி இடைவெளியில். 5 வாட் பல்பு மூன்று போட்டால் மேசை மேல் 300 லக்ஸ் பக்கம் கிடைக்கும். மீனில் முள் எடுக்க அது போதும்.

விசேஷ நாளில் மேசையை ஓரங்கட்டிவிட்டுப் பந்தி போடுகிற வீடு என்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும். மேசை நகர்ந்ததும் அந்த விளக்கு நடமாட்டத்தில் குறுக்கே தொங்கும். தளத்தில் கூடுதலாக ஒரு சின்னக் கொக்கி அடித்து, வயரை மடக்கி மேலே மாட்ட வழி வையுங்கள். வயரை முடிச்சுப் போட்டுத் தூக்காதீர்கள், மடிப்பில் உள்ளே செம்பு முறியும்.

மேசைக்கு மேல் ஃபேனும் வேண்டும், தொங்கும் விளக்கும் வேண்டும்.

இரண்டும் சேராது. விளக்கு ஊசலாடும், நிழல் அலையும். காற்றுக்குச் சுவர் ஃபேன் இரண்டு, ஏழரை அடி உயரத்தில் மாட்டிக்கொண்டு விளக்கைத் தொங்கவிடலாம். இல்லை, தலைக்கு மேல் ஃபேன் இல்லாமல் சித்திரை வெயிலில் சாப்பிட முடியாது என்றால் தொங்கும் விளக்கை மறந்துவிடுங்கள். ஃபேனின் இரண்டு பக்கமும் மூன்றடி தள்ளி, மேசையை நோக்கிச் சாய்க்கக்கூடிய 36 டிகிரி ஸ்பாட் விளக்கு இரண்டு போதும். எங்களைக் கேட்டால் இந்த ஊருக்கு ஃபேன்தான்.

வார்மா, வெள்ளையா?

ஹாலுக்கும் மேசைக்கும் 3000 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்த வார்ம். எண் கூடக் கூட ஒளி வெள்ளையாகும். பட்டி விளக்கு 4000 இருக்கலாம். 6500 கெல்வின் பளீர் வெள்ளை சாப்பாட்டு மேசைக்குப் பொருந்தாது.

இதைவிட முக்கியமானது நிறம் காட்டும் தரம், அதாவது சி.ஆர்.ஐ. மலிவான விளக்கில் 80 அல்லது அதற்கும் கீழே. மேசைக்கு 90 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். வித்தியாசம் தட்டிலேயே தெரியும்: 80இல் கவுனி அரிசி வெறும் கறுப்பாக இருக்கும், 90இல் அதன் ஊதா தெரியும். மிளகாய் அரைத்த கோழி வறுவல் 80இல் பழுப்படித்து நேற்றுச் சமைத்தது போல இருக்கும். சிவப்பைக் காட்டும் திறன் குறைவதுதான் காரணம்.

பட்டி விளக்கைத் தவிர, ஒரே பார்வையில் தெரியும் இடத்தில் இரண்டு நிறத்தைக் கலக்காதீர்கள். சுவிட்சைத் தட்டினால் நிறம் மாறுகிற மூன்று நிற விளக்கும் வேண்டாம். கரண்ட் போய் வந்த பிறகு ஆறில் இரண்டு மட்டும் வேறு நிறத்தில் எரியும், திரும்ப ஒன்று சேர்க்கத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் தரையில் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. கண் கூசுகிறது.

அந்தக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவது. அதனால்தான் மேல்முகம் அவ்வளவு வழுவழுப்பு. எண்ணெய் போட்டுத் துடைக்கத் துடைக்க இன்னும் மின்னும். டவுன்லைட்டின் எல்.இ.டி. வெளியே தெரிந்தால் தரையில் அதன் பிம்பம் அப்படியே விழும். பால்நிற மூடியுள்ளதை, அல்லது பல்பு இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி இருக்கும் வகையை வாங்குங்கள். இன்னொரு வழி, தரையைப் பார்த்து வெளிச்சம் அடிப்பதைக் குறைத்துச் சுவரில் அடிப்பது. சுவர் வெளிச்சமாக இருந்தால் தரை தானாகத் தெரியும்.

நடுவீட்டுக் கோலம் போடுகிற இடத்துக்கு நேர்மேலே விளக்கு வேண்டாம். பச்சரிசி மாவுக் கோடு பக்கவாட்டு ஒளியில்தான் எடுப்பாகத் தெரியும், போடுகிறவரின் தலை நிழலும் விழாது.

ஐயா, அப்பத்தா படங்களில் விளக்கின் பிம்பம் அடிக்கிறது.

விளக்கைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் வையுங்கள். தளம் 10 அடி, படத்தின் நடு ஐந்தரை அடி என்றால் இடையில் நாலரை அடி. அதற்கு 0.58ஆல் பெருக்கினால் சுவரிலிருந்து சுமார் 2 அடி 7 அங்குலம். பழைய வீடுகளில் படத்தின் மேல்பக்கத்தை முன்னால் சாய்த்து மாட்டியிருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். கண்ணாடியில் விழும் ஒளி தரைக்குப் போய்விடும், கண்ணுக்கு வராது. புது வீட்டிலும் அப்படியே மாட்டலாம்.

ஃபால்ஸ் சீலிங்கில் ஓரமாகப் பட்டை விளக்கு (எல்.இ.டி. ஸ்ட்ரிப்) ஓட்டலாமா?

அழகுக்கு ஓட்டலாம், அதை மட்டும் நம்பி விடாதீர்கள். 10 அடித் தளத்தில் 5 அங்குலம் இறக்கினால் தாங்கும், அதற்கு மேல் இறக்கினால் அறை தலையில் உட்காரும்.

சாப்பாட்டு இடம் 12 × 10 அடி. சுற்றளவு 44 அடி, சுமார் 13.4 மீட்டர். மீட்டருக்கு 10 வாட் பட்டை என்றால் 134 வாட். 12 வோல்ட் பட்டையை 5 மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து ஓட்டினால் வால்பக்கம் மங்கும். மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 60 வாட் டிரைவர் (வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) போடுங்கள். டிரைவர் ஒருபோதும் முழுச் சுமையில் ஓடக்கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வேண்டும். டிரைவரைக் கை போகும் இடத்தில் வையுங்கள். ஜிப்சத்துக்குள் மூடிவிட்டால் அது கெடும் நாளில் சீலிங்கை அறுக்க வேண்டும். பட்டையை நேராக ஜிப்சத்தில் ஒட்டாமல் அலுமினியப் பள்ளத்தில் ஒட்டினால் சூடு இறங்கும், பசையும் விடாது.

சுவிட்சை எப்படிப் பிரிப்பது?

ஐந்து பிரிவு: டவுன்லைட் நடு இரண்டு, டவுன்லைட் ஓர நான்கு, மேசை, சுவர் அல்லது படம், பட்டி விளக்கு. வாசலில் ஒன்றும் அடுப்படிக் கதவருகே ஒன்றுமாக டூவே சுவிட்ச் குறைந்தது ஒரு பிரிவுக்காவது வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு 24 அடி இருட்டில் நடக்க வேண்டும்.

மங்கலாக்கும் டிம்மர் வேண்டுமானால் பல்பின் பெட்டியில் டிம்மருக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரை விளக்குக்கு மாட்டும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விளக்கு இரையும், பிறகு சாகும். ஸ்மார்ட் சுவிட்ச் பின்னால் வரலாம் என்று நினைத்தால் எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் வயர் இழுத்து வையுங்கள். இப்போது செலவு சில மீட்டர் வயர்தான்.

வயர், எம்.சி.பி. அளவு?

விளக்குச் சுற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, 6 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்). ஒரு சுற்றில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் வேண்டாம். ஹாலை இரண்டு சுற்றாகப் பிரித்தால் ஒன்று விழுந்தாலும் மற்றது எரியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம்.

இன்வெர்ட்டர் மாட்டியதிலிருந்து ஆர்.சி.சி.பி. விழுகிறது.

இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலை வேறு சுற்றின் நியூட்ரலோடு சேர்த்துவிட்டார்கள். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமில்லை என்று கண்டதும் அது தன் வேலையைச் செய்கிறது. அதைக் கழற்றி எறியாமல் நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டருக்கு மேசை விளக்கும் நடு இரண்டு டவுன்லைட்டும் போதும், 33 வாட்தான்.

சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு மினுக்கென்று எரிகிறது.

இரண்டு காரணம். சுவிட்ச் ஃபேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டியிருக்கிறது, இது ஆபத்து, பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். அல்லது சுவிட்சில் உள்ள சின்ன இண்டிகேட்டர் விளக்கு வழியாகக் கரண்ட் கசிகிறது. முதலில் டெஸ்டரால் ஹோல்டரைப் பாருங்கள்: அணைத்த நிலையிலும் டெஸ்டர் எரிந்தால் பெரும்பாலும் முதல் காரணம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள்.

விளக்கு ஆறு மாதத்தில் கெட்டுப்போகிறது.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெரு என்றால் 140 முதல் 270 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டதை வாங்குங்கள். கோடை இடிமழையில் போவதற்கு சர்ஜ் பாதுகாப்பு 4 கிலோவோல்ட் இருப்பது நல்லது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனால் பல்பைக் குறை சொல்லாமல் இணைப்பைத் திறந்து பாருங்கள். டேப் சுற்றிய முறுக்கு கறுத்திருக்கும்.

மழைக்குப் பின் ஈசல் இலையில் விழுகிறது.

ஜன்னலுக்கு வலை. அது இல்லாத வீட்டில், மழை விட்ட மாலையில் வாசல் விளக்கைப் பளீரென்று எரியவிட்டு மேசை விளக்கை அரை மணி நேரம் அணைத்து வையுங்கள்.

பழைய வீடு. முட்டைப் பூச்சுச் சுவர், தேக்குத் தளம். என்ன செய்யலாம்?

சுவரில் காடி வெட்டாதீர்கள். அந்த வழுவழுப்புப் பல அடுக்குச் சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து வந்தது. அரை அங்குலக் காடியை சிமெண்டால் அடைத்தால் நிறமும் சேராது, ஓரமும் விட்டுப்போகும். வயரை நிலைச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் உத்தரத்தின் பக்கவாட்டிலும், மர நிறப் பட்டைக்குள் ஓட்டுங்கள். சரவிளக்குத் தொங்கிய பழைய கொக்கி இருந்தால் அதையே பயன்படுத்தலாம். துருவையும் மரத்தின் பிடிப்பையும் ஆசாரி பார்த்த பிறகுதான் எடை ஏற்ற வேண்டும். மெட்ராஸ் டெரஸ் தளத்தில் (மர உத்தரத்தின் மேல் செங்கலைச் சுண்ணாம்பில் அடுக்கியது) செங்கலுக்குள் புதிதாகத் துளை போடக்கூடாது, மழைநீர் இறங்க வழியாகும்.

துணி சுற்றிய பழைய ரப்பர் வயர் எங்காவது மிச்சமிருந்தால் விளக்கை மாற்றும் முன் அதை மாற்றுங்கள். மடக்கிப் பார்த்தால் ரப்பர் பொடியாக உதிரும். மற்ற வயர்களை 500 வோல்ட் மெக்கர் (வயரின் மேலுறையில் கசிவு உண்டா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதித்து 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அதில் கரண்ட் விடக்கூடாது.

தளம் 14 அடிக்கு மேல் போகிற அறையில் மேலிருந்து வெளிச்சம் கொட்ட முயல வேண்டாம், தேக்கு குடித்துவிடும். தூணிலும் சுவரிலும் 7 அடி உயரத்தில் சுவர் விளக்கு, சோபா பக்கத்தில் நிற்கும் விளக்கு, மேசைக்கு மட்டும் நீளக் கயிற்றில் ஒன்று.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

89 வாட் முழுவதும் தினம் 5 மணி நேரம், 60 நாள் எரிந்தால் சுமார் 27 யூனிட். இரண்டு மாதத்துக்கு வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் ஒரு பங்குதான். சாப்பாட்டு இடத்தைச் சுற்றி ஓட்டிய 134 வாட் பட்டை விளக்கை அதே அளவு எரித்தால் மட்டும் 40 யூனிட் தனியாகச் சேரும்.